உப்புத் தெருவும் கறளும்: நல்ல காரையே ஓட்டுவதா, வின்ரர் கார் ஒன்று வாங்குவதா?

அஜாக்ஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜாக்ஸில் வசிக்கிறேன். வேலை நோர்த் யோர்க்கில் என்பதால் 401 நெடுஞ்சாலையில் நாளொன்றுக்குப் போக வர ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடுகிறேன். 2022ஆம் ஆண்டுக் கொரோலா ஹைபிரிட் ஒன்றைப் புதிதாக வாங்கி, பனியை உருக்கத் தெருவெல்லாம் உப்புக் கொட்டும் மூன்று வின்ரர் ஓட்டிவிட்டேன். அதன் கடன் இந்த ஆவணியோடு முடிந்துவிட்டது. இனிக் குறைந்தது பத்து ஆண்டுகளாவது இதே காரை வைத்திருப்பது என்பது எங்கள் வீட்டுத் தீர்மானம்.

சென்ற சித்திரையில் வின்ரர் ரயர்களைக் கழற்றியபோது குனிந்து கீழே பார்த்தேன். பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்பிலும் அதன் ஆணிகளிலும் செம்மண் பூசியதுபோலக் கறள் (துரு) படிந்திருந்தது. மேலே பார்த்தால் வண்டி இன்னும் புதிது. கீழே பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அன்று தொடங்கிய யோசனை இன்னும் முடியவில்லை.

என் மைத்துனர் சொல்லும் வழி இது: 2,800 டொலருக்கு 2009ஆம் ஆண்டுக் கார் ஒன்று அவருக்குத் தெரிந்தவரிடம் இருக்கிறது, அதை வாங்கி மார்கழி முதல் பங்குனி வரை அதில் போய்வந்தால் நல்ல கார் உப்பையே காணாமல் வாசலில் நிற்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கார் வாங்கிய இடத்தில் முதலில் கறளைத் தடுக்கும் என்று 900 டொலருக்கு ஒரு மின்னணுக் கருவியைப் பூட்டச் சொன்னார்கள், பிறகு வண்டியின் அடிப்பகுதிக்குத் தார்போன்ற கறுப்புப் பூச்சு அடிக்கச் சொன்னார்கள். இன்னொரு நண்பர், கறள் பிடிக்காமலிருக்க அடிப்பகுதிக்கு ஆண்டுதோறும் எண்ணெய் அடித்தால் போதும் என்கிறார். எதை நம்புவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் கராஜ் இல்லை, வாசலில் இரண்டு கார் நிறுத்த மட்டும் இடமுண்டு. அனுபவமுள்ளவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஸ்காபரோ மெக்கானிக் எழுதியது:

வணக்கம் தம்பி. ஸ்காபரோவில் கராஜ் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். உங்கள் மைத்துனரின் யோசனையை நான் எத்தனையோ பேரிடமிருந்து கேட்டிருக்கிறேன், அவர்களில் பலருடைய வின்ரர் கார்களைத் திருத்தியும் இருக்கிறேன். அதனால் முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2,800 டொலர் என்பது விலை மட்டுமே. தனியாரிடம் வாங்கினாலும் ஒன்ராறியோவில் பெயர் மாற்றும்போது 13 வீதம் வரி கட்ட வேண்டும். அதுவும் நீங்கள் கொடுத்த விலைக்கோ, அந்த மாதிரி வண்டிக்கு விலைப் புத்தகத்தில் போட்டிருக்கும் மொத்த வியாபார விலைக்கோ, எது கூடவோ அதற்குத்தான் வரி. வீதியில் ஓட்ட வேண்டுமானால் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அது எழுதிய நாளிலிருந்து 36 நாட்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், போன கோடையில் எடுத்தது கைவசம் இருக்கிறது என்று விற்பவர் காட்டினால் அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். பதினைந்து வயது கடந்த வண்டி எதையும் மாற்றாமல் அந்தச் சோதனையைத் தாண்டுவது அரிது. பிறேக், முன்பக்க மூட்டுகள், சைலன்சர் என்று 700, 800 டொலர் போய்விடும். நான்கு வின்ரர் ரயர்கள் தனி. இரண்டாவது வண்டிக்கான காப்புறுதி அதற்கும் மேலே. என் வாடிக்கையாளர்களில் மாதம் 100 டொலருக்குக் குறைவாக அதைக் கட்டும் ஒருவரையும் நான் கண்டதில்லை. முதல் வின்ரர் முடிவதற்குள் 5,000 டொலர் தாண்டியிருக்கும். நல்ல எண்ணெய்ப் பூச்சுக்கு உங்கள் அளவு வண்டிக்கு ஆண்டுக்கு 150 முதல் 200 டொலர் வரை ஆகும். பத்து ஆண்டுக்கு அடித்தாலும் வின்ரர் காரின் முதல் ஆண்டுச் செலவில் பாதியை எட்டாது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நீங்கள் காப்பாற்ற நினைப்பது காரின் தகரத்தை. ஆனால் பனி கொட்டும் காலை ஆறு மணிக்கு 401இல் எந்தக் காருக்குள் இருக்கப்போகிறீர்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆண்டின் மிக மோசமான நான்கு மாதங்களுக்கு வீட்டிலுள்ள மிக மோசமான வண்டியை ஒதுக்குவது எனக்கு எப்போதும் தலைகீழாகத்தான் தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன், நத்தாருக்கு முந்திய வாரத்தில், ஒருவர் இதேபோன்ற வின்ரர் கார் ஒன்றை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கில் பிறேக்கை மிதித்தபோது மிதி தரைவரை போய்விட்டதாம். தூக்கிப் பார்த்தால், பெற்றோல் தாங்கிக்கு மேலாகப் பின்சக்கரத்துக்குப் போகும் பிறேக் குழாய் கறள் பிடித்து வெடித்திருந்தது. பிறேக் அமைப்பு இரண்டு சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் மற்றச் சுற்று பிடித்து வண்டி நின்றிருக்கிறது. அந்தக் குழாய் ஓடும் இடத்தைத் தாங்கியை இறக்காமல் ஒழுங்காகப் பார்க்க முடியாது. வாங்கும்போது யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள். அத்தகைய வண்டிகளுக்கு நான் செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போடுகிறேன். அது கறள் பிடிப்பதில்லை, கையால் வளைக்கவும் எளிது. ஆனால் அந்த வேலைக்கு ஆகும் கூலியைச் சொன்னால் வின்ரர் கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

எனவே உங்கள் காரையே ஓட்டுங்கள், ஐப்பசிக்குள் எண்ணெய் அடியுங்கள். மின்னணுக் கருவியைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்துவிடும். வேறு யாராவது எழுதட்டும்.

உப்பளத்தான் எழுதியது:

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன், இப்போது ஒட்டாவாவில் இருக்கிறேன். எங்கள் ஊரில் உப்பளத்தை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடித்தாலும் அடியில் துரு கொப்புளித்துக்கொண்டுதான் வரும். கடல் காற்றில் வரும் உப்பே அந்தப் பாடு படுத்துகிறது என்றால், உப்பைக் கரைத்துச் சக்கரமே காருக்கு அடியில் பீய்ச்சி அடிக்கும் ஊரில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரில் வெயிலில் விளைந்த உப்பைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இங்கே ஒரு வியப்பு: ஒன்ராறியோவில் சாலைக்குக் கொட்டும் உப்பில் பெரும்பங்கு சுரங்கத்திலிருந்து வருகிறது. ஹூரான் ஏரிக்கரையில் உள்ள கோடரிச்சில் 1866இல் எண்ணெய் தேடித் தோண்டியவர்களுக்கு உப்பு கிடைத்தது. இன்று அங்கே ஏரிக்கு அடியில் ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில் இயங்குவதுதான் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம்.

துரு எப்போது பிடிக்கிறது என்பதில் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. கடுங்குளிரில்தான் கார் அழிகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் மைனஸ் 20 டிகிரியில் எல்லாம் உறைந்து காய்ந்து கிடக்கும்போது துரு மிக மெதுவாகத்தான் நகர்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீர், ஆக்சிஜன் இரண்டும் வேண்டும். அந்த நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகப் பாய்ந்து வேலை விரைகிறது. வெப்பம் கூடக் கூட இன்னும் விரைகிறது. ஆகவே பனி உருகும் நாட்களும், மார்ச், ஏப்ரல் மாதங்களும்தான் ஆபத்தானவை. அதனால்தான் சூடேற்றிய கராஜில் பனியும் உப்புமாகக் காரைக் கொண்டுபோய் விடுவது, அதற்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு தினமும் இரவில் ஊறவைப்பதற்குச் சமம். கராஜ் இல்லையே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. வெளியே குளிரில் நிற்பது அந்த வகையில் நல்லதே.

இன்னொன்று. சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது என்பதால் குளிர் மிகும்போது கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு போன்றவற்றையும் கரைசலாகத் தெளிக்கிறார்கள். கல்லுப்பு ஈரம் இழுக்கக் காற்றில் முக்கால் பங்கு ஈரப்பதம் வேண்டும்; இந்த இரண்டுக்கும் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும். சாலை காய்ந்துவிட்டது, காரும் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் நாளிலும் தகட்டு மடிப்புகளுக்குள் புகுந்துவிட்ட கரைசல் ஈரமாகவே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பூஜ்யத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு நாளிலும் அடிப்பகுதியைக் கழுவுவதும், சாலையில் உப்புப் போடுவது நின்றபின் ஏப்ரல் இறுதியில் ஒருமுறை நிதானமாக, சக்கர வளைவுகளுக்குள்ளும் கதவின் அடி விளிம்பிலும் நீர் புகும்படி கழுவுவதும் எண்ணெய்க்கு அடுத்தபடியான காவல். கதவுகளின் கீழ் விளிம்பில் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டிருந்தால் ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். கதவு உள்ளிருந்து உளுத்துப்போவதற்கு அந்த அடைப்பே பெரும்பாலும் காரணம்.

மின்னணுக் கருவிக்கு வருவோம். கப்பலின் அடிப்பாகத்தையும் மண்ணில் புதைத்த குழாய்களையும் மின்னோட்டம் செலுத்தித் துருவிலிருந்து காப்பது உண்மையான, பழைய தொழில்நுட்பம். ஆனால் கப்பல் கடல்நீருக்குள்ளும், குழாய் ஈரமண்ணுக்குள்ளும் இருப்பதால் அந்த மின்னோட்டம் சுற்றி வந்து முடிய ஒரு வழி இருக்கிறது. கார் நிற்பது காற்றில். அங்கங்கே ஒட்டியிருக்கும் துளிகளுக்கிடையே அந்தச் சுற்று முழுமை பெறுவதில்லை. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 1990களிலேயே இத்தகைய கருவி ஒன்றை விற்ற நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 900 டாலரை மிச்சப்படுத்தி ஐந்து ஆண்டுகளுக்கு எண்ணெய் அடித்துக்கொள்ளுங்கள்.

தார்ப் பூச்சு புத்தம்புதிய, உப்பே படாத வண்டிக்கு ஓரளவு பொருந்தும். அது காய்ந்து இறுகியபின் சிறு கல் பட்டு வெடித்தால் அந்த வெடிப்பு வழியே உப்புநீர் உள்ளே போய்ப் பூச்சுக்கும் இரும்புக்கும் இடையில் தங்கிவிடும். மேலே கறுப்பாக அழகாக இருக்கும், கீழே இரும்பு இராது. மூன்று குளிர்காலம் ஓடிய வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காயாத எண்ணெய் மடிப்புகளுக்குள் தானே ஊர்ந்து போகும் என்பதும், ஏற்கெனவே உள்ள மேல்துருவை நனைத்து அதற்கு ஈரமும் காற்றும் கிடைக்காமல் செய்யும் என்பதும் அதன் சிறப்பு. ஊர்ந்து போகச் சற்று வெப்பம் தேவை. அதனால் பனி விழும்வரை காத்திருக்காதீர்கள்.

மொன்றியல்வாசி எழுதியது:

வணக்கம். மெக்கானிக் ஐயா சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை; ஆனால் வின்ரர் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரையும் கணக்குத் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது என்பதற்காக எழுதுகிறேன். என்னிடம் 1999ஆம் ஆண்டு மியாட்டா ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றுத் தகரம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. கார்த்திகை முதல் சித்திரை வரை அதை வெளியே எடுப்பதில்லை. ஆறு வின்ரராக வேறு இரண்டு கிழட்டுக் கார்களில் வேலைக்குப் போய்வந்திருக்கிறேன். முதலாவது நான்கு ஆண்டு உழைத்து, இறுதியில் ஜாக்கி வைக்கும் இடத்தில் தூக்கியபோது கார் எழாமல் ஜாக்கி உள்ளே போனதால் பழைய இரும்புக்குப் போயிற்று. இரண்டாவது இன்னும் ஓடுகிறது. என் வேலையிடம் வீட்டிலிருந்து 9 கிலோமீற்றர் தூரத்தில் நகருக்குள்ளேயே இருப்பதால்தான் இது சரிவருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 401இல் நாளுக்கு 80 கிலோமீற்றர் என்றால் நானும் துணிய மாட்டேன்.

இருந்தும் வாங்குவது என்று தீர்மானித்தால், புரட்டாசியில் வாங்காதீர்கள். எல்லோரும் தேடும் காலம் அது. வைகாசியில் அதே வண்டி மலிவாகக் கிடைக்கும். மேல் பளபளப்பையும் ஓடிய கிலோமீற்றரையும் பாராமல், ஒரு காந்தத்தையும் ஒரு திருகாணிச் சாவியையும் (ஸ்குரூட்றைவர்) எடுத்துப் போங்கள். பின்சக்கர வளைவின் விளிம்பிலும் கதவுக்குக் கீழுள்ள நீளத் தகட்டிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வளைவு உளுத்திருப்பது பார்வைக்கு அசிங்கம் மட்டுமே, அதை மன்னித்துவிடலாம். ஆனால் எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் சட்டத்தில் திருகாணிச் சாவியால் குத்தும்போது அது உள்ளே போனால் பேச்சுக்கே இடமில்லை, திரும்பி வந்துவிடுங்கள். பழைய வண்டியின் அடிப்பகுதி புதிதாகக் கறுப்புப் பூசி மினுங்கினால் என் சந்தேகம் இரட்டிப்பாகும். ஹீற்றரும் பின் கண்ணாடியின் சூட்டுக் கம்பிகளும் வேலை செய்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். வானொலி வேலை செய்யாவிட்டால் பாடிக்கொண்டே போகலாம், கண்ணாடியில் படிந்த நீராவி விலகாவிட்டால் போக முடியாது.

ரயரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கியூபெக்கில் மார்கழி (டிசம்பர்) 1 முதல் பங்குனி (மார்ச்) 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம், மீறினால் 200 முதல் 300 டொலர் வரை அபராதம். ஒன்ராறியோவில் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டிருப்பவர்களுக்கு அங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் 2016 முதல் கட்டணக் கழிவு தர வேண்டும். என் வின்ரர் காரை விட அதன் ரயர்கள் விலை கூடியவை என்று நண்பர்கள் சிரிப்பார்கள். அது உண்மைதான், வீதியைத் தொடுவது ரயர் மட்டுமே என்பதால் எனக்கு அதில் வெட்கமில்லை.

நிறுத்தி வைக்கும் காரைப் பற்றியும் ஒரு சொல். நான்கு மாதம் சும்மா நிற்பதும் வண்டிக்கு ஒரு வேலைதான். தாங்கியில் பெற்றோலை நிரப்பி, பற்றரிக்கு மெதுவாக மின்னேற்றும் கருவியை இணைத்து, ரயர்களில் காற்றைச் சற்றுக் கூட்டிவிட்டுத்தான் நான் மூடுகிறேன். அப்படியும் ஒரு வின்ரரில் எலி புகுந்து காற்று வடிகட்டிக்குள் கூடு கட்டி, வயர்களையும் கடித்துவைத்தது. ஹைபிரிட் கார் என்றால் அதிலுள்ள சிறிய 12 வோல்ட் பற்றரி இன்னும் சீக்கிரம் இறங்கிவிடும். வெறும் மண்ணிலோ புல்லிலோ நிறுத்துவதானால் நிறுத்தவே வேண்டாம். ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

அஜாக்ஸ்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மைத்துனரிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சற்று மனவருத்தம்தான், ஆனாலும் 2009ஆம் ஆண்டுக் காரைக் கைவிட்டுவிட்டேன். என் காரையே ஓட்டுவதாக முடிவு செய்து, எண்ணெய் அடிக்க ஐப்பசி முதல் வாரத்தில் நாள் எடுத்திருக்கிறேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. மூன்று வின்ரர் உப்பில் ஓடியபின் இப்போது அடிப்பதால் பயன் உண்டா? ஹைபிரிட் வண்டியின் அடியில் உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஓடுகின்றன என்கிறார்கள். அவற்றின் மீது எண்ணெய் படுவது பாதுகாப்பானதா?

ஸ்காபரோ மெக்கானிக் எழுதியது:

நல்ல முடிவு தம்பி. மூன்று வின்ரர் ஒன்றும் பெரிய தாமதமல்ல. நீங்கள் பார்த்த சிவப்பு, தடித்த இரும்பின் மேல்தோலில் மட்டும் படிந்திருக்கும் கறள். ஆணிகளிலும் சக்கரத்தைத் தாங்கும் கைகளிலும் அது வராத வண்டி இந்த மாகாணத்தில் கிடையாது. இலைஇலையாக உரிந்து விழத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் வண்டியில் நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியும் இடங்களுக்கல்ல, கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டின் உட்புறத்துக்கும் பின்சக்கர வளைவின் மடிப்புக்கும்தான். அடிப்பவர் அவற்றுக்குள் நீண்ட குழல் விட்டு அடிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வெளியே மட்டும் மினுமினுக்க அடித்துவிட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. துளை போட வேண்டும் என்று சொன்னால், ஓட்டை விழுவதற்கு எதிரான உங்கள் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்று முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்கெனவே உள்ள துளைகளைக் கொண்டே வேலையை முடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

செம்மஞ்சள் நிற உறையிட்ட தடித்த கம்பிகள்தான் உயர் மின்னழுத்தக் கம்பிகள். அவற்றின் இணைப்பு முனைகளை அடிப்பவர் தொடக்கூடாது, அவற்றைத் தவிர்த்து அடிக்கத் தெரிந்த இடத்துக்குத்தான் நீங்கள் போக வேண்டும். ஹைபிரிட் வண்டி என்பதை நாள் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் சில ஹைபிரிட் வண்டிகளில், பின் மோட்டாருக்குப் போகும் கம்பியின் இணைப்புக்குள் உப்பு புகுந்து அரித்த சங்கதி கனடாவில் பெரிய பேச்சாக இருந்தது. உங்கள் 2022ஆம் ஆண்டு வண்டியில் முன்சக்கரங்களுக்கு மட்டுமே விசை போவதால் அந்தப் பின் மோட்டாரே இல்லை.

பிறேக் தட்டுகளில் எண்ணெய் படாமல் அடிக்கச் சொல்லுங்கள். கழிவு எஞ்சின் எண்ணெயைப் பூசினால் இலவசமாக வேலை முடியுமே என்று மைத்துனர் அடுத்து சொல்லக்கூடும்; அதில் அமிலமும் உலோகத்தூளும் இருக்கும், வாசலிலிருந்து மழைநீரோடு வாய்க்காலுக்கும் போகும், செய்யாதீர்கள். அடித்த பின் இரண்டு நாளைக்கு வண்டி சொட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் வாசலில் கல் பதித்திருந்தால் பழைய கடதாசிப் பெட்டிகளை விரித்து அதன் மேல் நிறுத்துங்கள். இதைச் சொல்ல நான் மறந்ததால் ஒருவர், அந்தக் கறையைப் போக்க எண்ணெய்க்குக் கொடுத்ததைவிடக் கூடக் கொடுத்தார்.